உள்ளே போவதா, வெளியே நிற்பதா? தொங்கு அவையில் மூன்றாவது கட்சியின் கணக்கு

200 இடங்கள் கொண்ட ஒரு அவை என்று வைத்துக்கொள்வோம். தேர்தல் முடிவில் பெரிய கட்சிக்கு 88, அடுத்த கட்சிக்கு 79, மூன்றாவது கட்சிக்கு 21. மீதி 12 பேர் சுயேச்சைகளும் உதிரிக் கட்சிக்காரர்களும். ஆட்சிக்கு 101 வேண்டும். தொலைக்காட்சி வண்டிகள் எல்லாம் பெரிய கட்சிகள் இரண்டின் வாசலில் நிற்கும். ஆனால் முடிவு 21 பேரை வைத்திருக்கும் கட்சியின் கையில் இருக்கிறது. 88 பேரோடு உதிரிகள் பன்னிரண்டு பேரும் சேர்ந்தாலும் 100தான். 79 பேரோடு இந்த 21 சேர்ந்தாலும் 100தான், இன்னும் ஒருவரைத் தேட வேண்டும். பெரிய கட்சிகள் இரண்டும் கைகோத்துக்கொண்டால் கதை வேறு. ஜெர்மனியில் 2005, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்திருக்கிறது. பொதுவாக அது கடைசி வழி.

அந்த மூன்றாவது கட்சியின் செயற்குழு கூடும்போது மேஜையில் இருக்கும் வழிகள் இவை: அமைச்சரவையில் சேர்வது, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு வெளியிலிருந்து ஆதரிப்பது, ஒப்பந்தம் இல்லாமல் ஓர் ஆதரவுக் கடிதத்தோடு வெளியே நிற்பது, மசோதாவுக்கு மசோதா பார்த்து முடிவெடுப்பது, பேசாமல் எதிர்க்கட்சி வரிசையில் உட்காருவது. வழக்கமாக இதை 'பதவியா, கொள்கையா' என்று பேசுவார்கள். அந்தக் கேள்வி மேடைக்கு நன்றாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாம் விலகினால் மறுநாள் யாருக்கு நஷ்டம்? நஷ்டம் அவர்களுக்கு என்றால் எந்த வழியில் போனாலும் ஏதாவது கிடைக்கும். நமக்கு என்றால் பத்து இலாகா வாங்கினாலும் நம் பேச்சு எடுபடாது.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு அமைச்சரவை எப்படி இயங்குகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். நாடாளுமன்ற முறையில் மக்கள் அரசைத் தேர்ந்தெடுப்பதில்லை, அவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவை பொறுத்துக்கொள்ளும் வரைதான் அரசு. இந்திய அரசமைப்பின் 75(3) பிரிவு, அமைச்சரவை முழுவதும் கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்கிறது. மாநிலங்களுக்கு அதையே 164(2) சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள் கடுமையானது. அமைச்சரவை அறையில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். முடிவாகி வெளியே வந்த பிறகு அது எல்லா அமைச்சரின் முடிவு. பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா செய்யலாம், 'நான் அப்போதே வேண்டாம் என்றேன்' என்று பேட்டி கொடுக்க முடியாது. ஆக, உங்கள் கட்சிக்கு மீன்வளத்துறை மட்டும் கொடுத்திருந்தாலும் வரி உயர்வு, காவல்துறைத் துப்பாக்கிச் சூடு, கல்விக் கட்டணம் எல்லாமே உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

இன்னொரு விதியும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஆட்சி அமைப்பவர் அவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும். 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சோதனை ஆளுநர் மாளிகையில் அல்ல, அவையில்தான் நடக்க வேண்டும் என்று தீர்த்துச் சொன்னது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் பிரதமருக்கு எதிராகப் பெரும்பான்மை திரளாமல் இருந்தாலே போதும். அங்கே வாக்களிக்காமல் ஒதுங்கி இருப்பதும் ஆதரவுதான். அதனால் சிறுபான்மை அரசு என்பது அங்கே விபத்து இல்லை, வழக்கம். ஜெர்மனியில் அடுத்த பிரதமர் யார் என்று பெரும்பான்மையோடு முடிவு செய்யாமல், பதவியில் இருக்கும் பிரதமரை அவை நீக்க முடியாது. 1982-இல் ஹெல்முட் ஷ்மித்தை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றியது அப்படித்தான், தாராளவாதக் கட்சியான எஃப்.டி.பி. பக்கம் மாறியதால். இப்படிப்பட்ட விதி இருக்கும் இடத்தில் 'ஆதரவை வாபஸ் வாங்குவோம்' என்ற மிரட்டலுக்குப் பாதி மதிப்புதான்.

முதலில் அமைச்சரவையில் சேரும் வழி

இதன் பெரிய லாபம் கொடி கட்டிய கார் இல்லை, கோப்பு. எந்தத் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, நிதித்துறை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது, எந்த அதிகாரி என்ன குறிப்பு எழுதினார் என்பதெல்லாம் உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். வெளியே இருப்பவர் அதே விஷயத்தை மறுநாள் செய்தித்தாளில் படிப்பார். அரசின் வேலையில் சட்டம் இயற்றுவது கொஞ்சம்தான். மீதி எல்லாம் விதிமுறை, அரசாணை, நியமனம், ஒதுக்கீடு. இவற்றில் கை வைக்க வேண்டும் என்றால் அமைச்சராக இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் எத்தனை அமைச்சர்கள் என்பதை வைத்துப் பேரம் பேசும் கட்சிகள் பெரும்பாலும் ஏமாறுகின்றன. (இந்தியாவில் 2003-இன் 91-ஆவது திருத்தத்துக்குப் பிறகு அமைச்சர் எண்ணிக்கை அவை உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பங்கு போட அப்பமே சிறியது.) உண்மையான முடிவு எந்தச் சிறிய அறையில் எடுக்கப்படுகிறது, அங்கே நமக்கு நாற்காலி உண்டா என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் 2010-இல் பழமைவாதக் கட்சியும் தாராளவாத ஜனநாயகக் கட்சியும் கூட்டாட்சி அமைத்தபோது, முக்கிய முடிவுகள் நால்வர் குழுவில் எடுக்கப்பட்டன: பழமைவாதிகளில் பிரதமர் கேமரன், ஆஸ்போர்ன்; தாராளவாத ஜனநாயகக் கட்சியில் கிளெக், அலெக்ஸாண்டர். சிறிய கட்சிக்கு அங்கே பாதி இடம். நல்ல ஏற்பாடு. இருந்தும் 2015 தேர்தலில் அந்தக் கட்சி 57 இடங்களிலிருந்து 8-க்கு விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே போகிற எல்லாக் கட்சிக்கும் இது பாடம். பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் 2010 தேர்தலுக்கு முன் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் முடிவு அவைக்கு வந்தது. கூட்டணி ஒப்பந்தத்தில் இந்த விஷயத்தில் வாக்களிக்காமல் ஒதுங்க அவர்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். ஆனால் உயர்கல்வியைக் கவனித்த துறையின் அமைச்சரே அவர்கள் ஆள். சொந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்துவிட்டு எப்படி ஒதுங்கி நிற்பது? வருமான வரி வரம்பை உயர்த்தியது, ஏழை மாணவர்களுக்காகப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி வாங்கியது என்று அவர்கள் சாதித்தவையும் உண்டு. அவற்றின் பெயர் பிரதமருக்குப் போனது, கட்டணத்தின் கெட்ட பெயர் இவர்களுக்கு வந்தது. இலாகா கேட்கும்போது நம் வாக்குறுதிக்கு நேர் எதிராகக் கையெழுத்துப் போட வைக்கும் இலாகாவைத் தெரிந்தே தவிர்ப்பது, நல்ல இலாகாவை வாங்குவதைவிட முக்கியம் என்பேன்.

எழுதிக் கையெழுத்திட்ட வெளி ஆதரவு

இதில் கொடுப்பது இரண்டு வாக்குறுதிகள்: நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்க்க மாட்டோம், பட்ஜெட்டைத் தோற்கடிக்க மாட்டோம். பட்ஜெட் தோற்றாலே அரசு போய்விடும் என்பதால் இவை இரண்டும் சேர்ந்தே வரும். பதிலுக்குக் குறிப்பிட்ட சில கோரிக்கைகள், தேதியோடு. மற்ற மசோதாக்களில் உங்கள் இஷ்டம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் சுதந்திரம் தரும் என்பதற்கு 2019 ஜனவரியில் பிரிட்டனில் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சிக்கு 10 உறுப்பினர்கள். 2017-இல் பழமைவாதக் கட்சி அரசோடு ஒப்பந்தம் போட்டு, தங்கள் பகுதிக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு வாங்கியிருந்தார்கள். ஜனவரி 15 அன்று பிரதமர் தெரசா மேயின் ஐரோப்பிய விலகல் ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். அது 202-க்கு 432 என்று தோற்றது. மறுநாளே நம்பிக்கை வாக்கெடுப்பில் அதே பத்துப் பேரும் அவரைக் காப்பாற்றினார்கள். அரசு 325-க்கு 306 என்று பிழைத்தது. அந்தப் பத்தும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 315-க்கு 316. அமைச்சரவையில் இருந்திருந்தால் இந்த இரட்டை வேடம் சாத்தியமே இல்லை. ஆனால் அந்தக் கட்சியின் முடிவும் நினைவில் இருக்கட்டும். 2019 டிசம்பர் தேர்தலில் பழமைவாதிகளுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது, அதற்குப் பிறகு லண்டனில் யாரும் அவர்களைத் தேடவில்லை.

கனடாவில் புதிய ஜனநாயகக் கட்சி 2022 மார்ச்சில் லிபரல் அரசோடு இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தது. பல் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் பலன். 25 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு ஒரு நிரந்தரத் திட்டத்தை உருவாக்கியது சின்ன விஷயம் இல்லை. 2024 செப்டம்பரில் ஒப்பந்தத்தை முறித்தார்கள். 2025 ஏப்ரல் தேர்தலில் ஏழு இடங்கள்தான் மிஞ்சின, கட்சித் தலைவரே தோற்றார். ஆக, வெளியே நின்றால் வாக்கு வங்கி பத்திரமாக இருக்கும் என்பது மூடநம்பிக்கை.

டென்மார்க் மக்கள் கட்சியின் கதை இன்னும் சுவாரசியம். 2001 முதல் 2011 வரை அமைச்சரவைக்கு வெளியே நின்றபடியே குடியேற்றக் கொள்கையை ஏறக்குறைய தாங்கள் விரும்பியபடி எழுத வைத்தார்கள். அந்தக் கொள்கை எனக்கு உவப்பில்லை, அந்தத் தந்திரத்தின் கூர்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே விஷயத்தைக் கேட்டார்கள், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கேட்டார்கள். 2015-இல் 37 இடங்கள் வென்று, ஆட்சி அமைத்த வென்ஸ்ட்ரே கட்சியைவிடவே பெரிதானார்கள். வென்ஸ்ட்ரேவுக்கு 34தான். அப்போதும் வெளியிலேயே நின்றார்கள். அங்கேதான் சறுக்கியது. 'இவ்வளவு பெரிய கட்சி ஏன் பொறுப்பு எடுக்க மறுக்கிறது' என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. 21 சதவீதமாக இருந்த வாக்கு 2019-இல் 8.7-க்கு வந்தது. மற்றக் கட்சிகள் அவர்கள் கொள்கையை எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். இருந்தாலும், வெளியே நிற்பதற்கு ஓர் அளவு உண்டு என்று எனக்குப் படுகிறது. அவையில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் வெளியே நின்றால் அது தந்திரம், ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் நின்றால் பயம் என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வழிகளையும் ஒரே ஆட்சியில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமா? நியூசிலாந்து, 2017. தொழிலாளர் கட்சியோடு நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சி முழுக் கூட்டணியில் சேர்ந்து அமைச்சரவைக்குள் போனது. பசுமைக் கட்சி ஒப்பந்த ஆதரவு கொடுத்து, அமைச்சரவைக்கு வெளியே சில அமைச்சர் பதவிகளை எடுத்துக்கொண்டது. அந்த நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. தங்கள் துறை சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் அரசின் முடிவுக்குக் கட்டுப்படுவார்கள், மற்றவற்றில் விமர்சிக்கலாம். பருவநிலைத் துறையை வாங்கி 2019-இல் கார்பன் குறைப்புச் சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். 2020 தேர்தலில் பசுமைக் கட்சி 6.3 சதவீதத்திலிருந்து 7.9-க்கு ஏறியது. உள்ளே போன கட்சி 7.2-இலிருந்து 2.6-க்கு இறங்கி நாடாளுமன்றத்தைவிட்டே வெளியேறியது. இதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இந்தப் பாதி உள்ளே, பாதி வெளியே என்ற ஏற்பாட்டை முதலில் கேட்டுப் பார்ப்பேன்.

வெறும் கடிதம்

நம் ஊர் அரசியலில் 'வெளியிலிருந்து ஆதரவு' என்றாலே நினைவுக்கு வருவது இதுதான், அதனால்தான் அந்தச் சொல்லுக்கே கெட்ட பெயர். 1979 ஜூலையில் சரண்சிங் பிரதமரானார். காங்கிரஸ் ஆதரவை விலக்கியதும் ஆகஸ்ட் 20 அன்று நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார். சந்திரசேகர் 1990 நவம்பரில் வந்து 1991 மார்ச் 6 அன்று விலகினார். தேவே கவுடா 1997 ஏப்ரலில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார், அடுத்து வந்த குஜ்ராலின் ஆதரவை அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் விலக்கியது. இந்த நான்கிலும் ஆதரவு கொடுத்தது காங்கிரஸ் என்ற பெரிய கட்சி, ஆட்சி நடத்தியவர்களுக்குச் சொந்தப் பலம் போதவில்லை. நம் மூன்றாவது கட்சியின் நிலை அதற்கு நேர் எதிர். பெரிய கட்சி கடிதம் மட்டும் கொடுத்தால் அது பொறி. சின்னக் கட்சி கடிதம் மட்டும் கொடுத்தால் அது தானம். என்ன கொடுப்பீர்கள், எப்போது கொடுப்பீர்கள் என்று எழுதாமல் 21 பேரைக் கொடுப்பதற்கு வேறு பெயர் இல்லை.

நிலையாக நின்ற வெளி ஆதரவும் உண்டு. 2006-இல் தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்கு 234-இல் 96 இடங்கள்தான். காங்கிரஸ் 34, பா.ம.க. 18, இடதுசாரிகள் 15. யாரும் அமைச்சரவையில் சேரவில்லை. 'மைனாரிட்டி அரசு' என்று ஜெயலலிதா ஐந்து வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆட்சி ஐந்து வருடமும் நடந்தது. காரணம், டெல்லியில் காங்கிரஸ் அரசுக்குத் தி.மு.க. தேவைப்பட்டது. ஒப்பந்தம் காகிதத்தில் இல்லை, இன்னோர் அவையில் இருந்தது. அப்படி ஒரு பிடிமானம் இல்லாத கட்சி இதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது.

2004-இல் மத்தியில் காங்கிரஸ் கூட்டணி அரசுக்கு இடதுசாரிகள் சுமார் 60 உறுப்பினர்களோடு கொடுத்த ஆதரவு, எழுதிய ஒப்பந்தத்துக்கும் வெறும் கடிதத்துக்கும் நடுவில் இருந்தது. குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் எழுதப்பட்டது, ஒருங்கிணைப்புக் குழு இருந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டம், வன உரிமைச் சட்டம் ஆகியவற்றில் அவர்களின் அழுத்தம் பலித்தது. 2008-இல் அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து விலகினார்கள். செயல்திட்டத்தில் இல்லாத ஒன்றை அரசு கையில் எடுத்தால் என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு இல்லாமல் போனதுதான் சிக்கல். ஜூலை 22 அன்று சமாஜ்வாதி கட்சியின் துணையோடு அரசு 275-க்கு 256 என்று வென்றது. விலகியவர்கள் போனார்கள், அரசு இருந்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி 43-இலிருந்து 16-க்கு இறங்கியது. விலகினால் மறுநாள் யாருக்கு நஷ்டம் என்று ஆரம்பத்தில் கேட்டது இதற்காகத்தான்: வேறு எங்கிருந்தாவது அரசுக்கு ஆள் கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்காமல் கதவைத் தட்டி அடைக்கக் கூடாது.

மசோதாவுக்கு மசோதா பார்க்கும் வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சுதந்திரம் அதிகம், கையில் கிடைப்பது குறைவு. பிரதமர் விரும்பிய நேரத்தில் அவையைக் கலைக்கக் கூடிய நாட்டில் ஒவ்வொரு வாக்கெடுப்பும் 'தேர்தலுக்குத் தயாரா' என்ற மிரட்டலாக மாறும். 2011 மார்ச்சில் கனடாவின் எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஹார்ப்பரின் சிறுபான்மை அரசைக் கவிழ்த்தன. மே மாதம் அவர் தனிப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார், கவிழ்த்தவர்களில் லிபரல் கட்சி அதுவரை காணாத தோல்வியாக 34 இடங்களுக்குச் சுருங்கியது.

எதிர்க்கட்சியாக உட்காருவது கௌரவமான முடிவுதான், ஆட்சி அமைக்கும் கட்சியோடு அடிப்படையிலேயே ஒத்துவராது என்றால். மற்றபடி 'கை கறைபடாமல் இருக்கிறோம்' என்ற திருப்திக்காக அதைத் தேர்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1996-இல் ஜோதிபாசுவைத் தேடிப் பிரதமர் பதவியே வந்தது, கட்சி மறுத்தது. அதை வரலாற்றுப் பிழை என்று பின்னர் சொன்னவர் அவரேதான்.

சரி, நம் 21 பேர் என்ன செய்வது? இரண்டு மூன்று தெளிவான சட்டங்கள்தான் நோக்கம் என்றால் ஒப்பந்த ஆதரவு. ஒரு துறையையே திருத்தி அமைக்க வேண்டும், அதற்குக் கட்சியில் ஆளும் இருக்கிறது என்றால் அமைச்சரவை; ஆனால் சிறிய அறையில் நாற்காலியோடு. ஒப்பந்தம் இல்லாமல் எந்த வழியும் வேண்டாம். அதில் திட்டத்தில் இல்லாத விஷயம் வந்தால் முன்கூட்டியே கலந்து பேசுவது, கோப்புகளைப் பார்க்கும் உரிமை, ஆண்டுக்கொரு மறுபரிசீலனை ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். சபாநாயகர் பதவி கொடுக்கிறோம் என்பார்கள், மயங்க வேண்டாம். சபாநாயகர் வாக்குகள் சமமானால்தான் வாக்களிப்பார், 21 என்பது 20 ஆகிவிடும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் விழுந்ததை நினைத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.

அப்புறம், அவசரம். இன்றைய 88, 79, 21, 12 என்ற எண்கள் ஐந்து வருடம் அப்படியே இருக்காது. கட்சித் தாவல் தடைச் சட்டம் இருந்தாலும் ராஜினாமாவைத் தடுக்க வழியில்லை. கர்நாடகத்தில் 37 இடங்களை வைத்து முதல்வர் பதவியையே வாங்கிய குமாரசாமியின் ஆட்சி, உறுப்பினர்கள் வரிசையாக ராஜினாமா செய்ததால் 2019 ஜூலையில் 99-க்கு 105 என்று முடிந்தது. நம் அவையில் 79 பேர் கட்சியிலிருந்து ஒரே ஒருவர் விலகினாலும் அவை 199 ஆகும், பெரும்பான்மைக்கு 100 போதும். 88-உம் 12-உம் சேர்ந்தால் சரியாக 100. அன்றைக்கு இந்த 21 பேர் இல்லாமலே அரசு நிற்கும். அதனால் கேட்பதில் முக்கியமானது எதுவோ, அது முதல் பட்ஜெட்டிலேயே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.